இளையோர் அட்டையில் நான் வாசித்த பேய்கள்

முதல் புத்தகத்தின் பன்னிரண்டாம் பக்கத்திலேயே அந்தப் பெட்டையின் தாய் செத்துப்போனா. இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டேனோ என்று பின்னுக்குப் போய்ப் பார்த்தேன். இல்லை. ஒன்பதாம் பக்கத்தில் மகளுக்குத் தலை பின்னிவிட்டவ பன்னிரண்டாம் பக்கத்தில் இல்லை. ஒரே வரி. செத்தவீடு இல்லை, எட்டுச்செலவு இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை. அடுத்த பக்கத்தில் பெட்டை புதுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போய், வெயிலில் நிழல் விழாமல் நிற்கிற ஒருவனைக் கண்டு மூச்சு நின்றுபோனாள்.

எனக்கும் மூச்சு நின்றுதான் போனது. நானும் ஒரு தாய். நான் போனாலும் இப்படி ஒரு வரியில் தாண்டிவிடுவார்களோ என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். எதற்கும் எனக்கு யோசனைதான். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரக் கால்மணித்தியாலம் பிந்தினால் வாசல் படலைக்கும் அடுப்படிக்குமாக நடந்தே களைத்துப்போவேன். அவளுடைய அப்பா வயலுக்குப் போனால் பாம்பு, பஸ்ஸில் போனால் பிரேக். அப்படிப்பட்ட நான் ஏன் அந்தப் புத்தகத்தை மூடிவைக்கவில்லை என்று கேட்டால், பதில் தெரியாது. அன்று பின்னேரத்துக்குள் முழுதையும் வாசித்து முடித்துவிட்டேன்.

புத்தகம் எங்கள் ஊர் வாசிகசாலையிலிருந்து வந்தது. முருங்கன் சந்தியிலிருந்து உள்ளுக்குப் பிரிகிற றோட்டில், குளக்கட்டுக்குக் கீழே, ஒற்றை அறை. நெடுங்காலம் அங்கே பழைய பேப்பர்களும் தேவாரப் புத்தகங்களும்தான் இருந்தன. பிறகு வெளிநாட்டில் இருக்கிற ஒரு குடும்பம் பெட்டி பெட்டியாகப் புத்தகம் அனுப்பியது. தங்கள் பிள்ளைகள் தமிழ் படிக்கட்டும் என்று வாங்கி, பிள்ளைகள் தொடாமலே விட்டவையாம். எல்லாவற்றுக்கும் பளபளக்கிற அட்டை. அட்டையில் இரத்தத்துளி, ஓநாய்க் கண், இறகு முளைத்த பெடியன், முகத்தை மறைத்து மயிர் பறக்கிற பெட்டை. வாசிகசாலையைப் பார்க்கிறவ, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற பிள்ளை, அவற்றை ஒரு அலுமாரியில் அடுக்கி ‘இளையோர்’ என்று எழுதி ஒட்டினா. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பச்சை நிற அங்கத்துவ அட்டை. பச்சை அட்டைக்காரருக்கு மட்டும்தான் அந்த அலுமாரி திறக்கும்.

பெரியவர்களுக்கான அட்டை எடுக்க நானும் ஒருக்கால் போனேன். படிவத்தில் பெயர் எழுதினேன், விலாசம் எழுதினேன். மூன்றாவதாகக் ‘கல்வித் தகைமை’ என்று இருந்தது. நான் இந்தியாவில், அகதி முகாமில் இருந்த காலத்தில் ஏழாம் வகுப்போடு நின்றவள். அம்மா படுக்கையில் விழுந்தா, தம்பியைப் பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான். அதை அந்தக் கோட்டில் எழுத எனக்குக் கை வரவில்லை. “பேந்து நிரப்பிக்கொண்டு வாறன் தங்கச்சி” என்று சொல்லிவிட்டு வந்தவள்தான்.

மகளுக்குப் பச்சை அட்டை இருந்தது. உயர்தர வகுப்பில் கணிதம் படிக்கிறவள். பயிற்சிக் கணக்குப் புத்தகம் எடுக்க அட்டை வாங்கினாள். அவளுக்குக் கதை என்றால் ஆகாது. “நடக்காததை ஏன் அம்மா வாசிக்கிறது?” என்பாள். “எனக்கு ஏதும் கதைப் புத்தகம் எடுத்துக்கொண்டு வா” என்று நான் கேட்டபோது, கைக்குக் கிட்ட இருந்த அலுமாரியில் மேலே கிடந்ததை உருவிக்கொண்டு வந்து தந்தாள். அதுதான் அந்த நிழலில்லாதவனின் கதை. அதற்குப் பிறகு சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு புத்தகம். அவள் அட்டைப்படத்தைக்கூடப் பார்க்கமாட்டாள். கறிவேப்பிலை வாங்கி வருகிற மாதிரி கொண்டுவந்து மேசையில் போடுவாள்.

இந்தப் புத்தகங்களைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. முதலாவது, தாய்மார். நான் வாசித்தவற்றில் பாதிக்கு மேல் தாய் செத்தவ. மிச்சத்தில் தாய் வேலைக்குப் போயிருப்பா, இல்லாவிட்டால் மகள் சொல்வதை எல்லாம் நம்புவா. பெட்டை யன்னலால் இறங்கி ஓநாய்களோடு காடெல்லாம் சுற்றிவிட்டு விடியப்புறம் திரும்பி வருகிறாள். காலில் சேறு, சட்டை கிழிந்திருக்கிறது, கழுத்தில் காயம். தாய் கேட்கிறா, “நல்லா நித்திரை கொண்டியா கண்ணா?” அந்தச் சட்டையைத் தோய்க்கிறது யார்? தோய்க்கிறவவுக்குத் தெரியாதா?

இரண்டாவது, வயது. இந்தப் பெடியன்களைப் பார்த்தால் பதினேழு, பதினெட்டு. உண்மையில் இருநூறு, முந்நூறு. ஒருவனுக்கு ஆயிரத்துக்கு மேல். பதினாறு வயதுப் பிள்ளையைப் பார்த்து, “உனக்காகத்தான் இத்தனை நூற்றாண்டு காத்திருந்தேன்” என்கிறான். அவள் அழுகிறாள், சந்தோசத்தில். எங்கள் ஊரில் நாற்பது வயதுக்காரன் ஒருவன் பள்ளிக்கூடப் படலையில் சைக்கிளை நிறுத்திவைத்துக்கொண்டு நின்றாலே நாலு பேர் போய் என்ன ஏது என்று கேட்பார்கள்.

மூன்றாவதைச் சொல்லக் கொஞ்சம் கஷ்டம். செத்தவர்கள் திரும்பி வருகிறது. ஒரு கதையில் பெட்டையின் காதலன் செத்து இரண்டு வருசத்துக்குப் பிறகு வருகிறான். நேராக வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறான். அவள் திறந்து, “ஏன் இவ்வளவு நாள்?” என்று கோபிக்கிறாள். பிறகு இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். எங்கள் வீட்டிலும் ஒருவன் வரவில்லை. என் தம்பி. அவனைப் பற்றி இதில் எழுதமாட்டேன். ஆனால் அந்தக் கதையை எழுதிய ஆளை ஒருநாள் கண்டால் ஒன்று கேட்பேன். கதவைத் திறக்கிறவளுக்குக் கை நடுங்காதா? எப்படி உடனே கோபம் வருகிறது?

இத்தனை குறை சொல்கிற நான் அடுத்த சனிக்கிழமையை எண்ணிக்கொண்டிருந்தேன். அதுவும் எனக்கு அதிர்ச்சிதான். அந்தக் கதைகளில் ஒவ்வொரு பெட்டையிடமும் யாராவது வந்து, “உன்னைத்தான் தேடித் திரிஞ்சோம்” என்று சொல்வார்கள். அவள் ஒன்றும் பெரிய ஆளில்லை. படிப்பு மட்டமாக இருக்கும், கூட்டாளிகள் இருக்கமாட்டார்கள். ஆனாலும் அவளைத்தான் தேடி வருவார்கள். எந்தப் புத்தகத்திலும் அந்த இடத்தை நான் இரண்டு தரம் வாசிப்பேன்.

வாசிக்கிறது பகலில்தான். அவித்த நெல்லை முற்றத்தில் பாயில் காயப்போட்டுவிட்டு, வேப்பமர நிழலில் கதிரையைப் போட்டு, ஒரு கையில் கம்பும் மடியில் புத்தகமுமாக இருப்பேன். ஒருநாள் சிறகு முளைத்தவனுக்கும் அவன் தமையனுக்கும் ஆகாயத்தில் சண்டை. தலையை நிமிர்த்தினால் மூன்று ஆடுகள் பாயின் நடுவில் நிற்கின்றன. வயலால் வந்த என் மனுசன் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ நெல்லுக்குக் காவல் எண்டு நினைச்சன். நெல்லுத்தான் உனக்குக் காவல் இருக்குது போல.”

“இப்பத்தான் வந்ததுகள்.”

“ஓம் ஓம். ஆட்டைப் பார்த்தால் கல்யாணவீட்டுச் சாப்பாடு முடிஞ்ச மாதிரி இருக்கு. இப்பத்தான் வந்ததுகளாம்.”

இப்படி ஒரு வருசம் போனது.

ஒக்டோபர் வாசிப்பு மாதம். பள்ளிக்கூடத்தில், வாசிகசாலையில் அதிகம் புத்தகம் எடுத்து வாசித்த பிள்ளைக்குப் பரிசு கொடுப்பார்கள். வாசிகசாலைத் தங்கச்சி ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்தையும் பார்த்து, அதிகம் எடுத்த பிள்ளையின் பட்டியலை எழுதிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவேண்டும். றோட்டில் என்னைக் கண்டு சைக்கிளை நிறுத்தினா.

“அக்கா, உங்கட மகள்தான் முதலாவது. நாற்பத்துமூன்று கதைப்புத்தகம். ரெண்டாவது பிள்ளை பதினொன்றுதான். எல்லாத்தின்ர பேரையும் வடிவாய் எழுதிக் குடுத்திருக்கிறன்.”

சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். தங்கச்சி சந்தோசமாகப் போய்விட்டா. நான் அங்கேயே நின்று நாற்பத்துமூன்று புத்தகங்களின் பெயர்களையும் நினைத்துப் பார்த்தேன். ‘நிழலுக்கு வாக்குப்பட்டவள்.’ ‘ஏழாம் கல்லறையின் சாவி.’ ‘அவன் பல்லில் என் பெயர்.’ கடைசிப் பெயரை நினைத்ததும் தங்கச்சியின் சைக்கிள் போன பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

நாலாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. தாயை வரச் சொல்லி.

உயர்தரப் பகுதிக்குப் பொறுப்பான ரீச்சர் கந்தோர் அறையில் இருந்தா. நல்ல மனுசி, சத்தமாகக் கதைக்காதவ. கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னா. பட்டியலை என் பக்கம் திருப்பி வைத்தா. மகள் கதவோரம் நின்றாள்.

“அம்மா, இந்தமுறை மாணவத் தலைவிக்கு உங்கட மகளின்ர பேரைத்தான் முதலாவதாய்ப் போட்டிருந்தனாங்கள். இப்ப இதைப் பார்த்திட்டு என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல. சின்னப் பிள்ளையள் அவவைப் பார்த்து நடக்கிறதுகள். இதுகளைப் பாருங்கோ. பேய், இரத்தம், காதல். ஒண்டு ரெண்டெண்டால் பரவாயில்லை, நாற்பத்துமூன்று. பிள்ளைக்கு வீட்டில ஏதும் பிரச்சினையோ? தனியச் சிரிக்கிறது, பயப்பிடுறது, அப்பிடி ஏதும்?”

“இல்லை ரீச்சர்.”

“இஞ்ச பாருங்கோ, ‘அவன் பல்லில் என் பெயர்.’ பெட்டையைப் பேய் கடிச்சு இரத்தம் குடிக்குதாம்.”

கடிக்கவில்லை. கடிக்கமாட்டேன் என்று அவன் தாயின் கல்லறையில் சத்தியம் செய்தவன், கடைசி வரைக்கும் காப்பாற்றினான். என் வாய்க்குள் அது வந்து நின்றது. விழுங்கினேன்.

ரீச்சர் மகளைப் பார்த்தா. “எல்லாம் நீதானே வாசிச்சனீ?”

மகள் என்னைப் பார்க்கவில்லை. “ஓம் ரீச்சர்” என்றாள்.

நான் பேசவேண்டிய இடம் அது. அப்போது ரீச்சர் என் பக்கம் திரும்பி, இரக்கமாகச் சொன்னா: “உங்களில பிழையில்லை அம்மா. படிக்கிற வயதில நீங்களும் கஷ்டப்பட்டிருக்கிறீங்கள். பிள்ளை என்ன வாசிக்குதெண்டு உங்களுக்கு விளங்க வழியில்லை.”

“ஓம் ரீச்சர்” என்றேன் நான். “எனக்கு இதுகள் விளங்காது.”

அந்தச் சொல் என் வாயால்தான் வந்தது. யாரோ பின்னால் நின்று சொன்ன மாதிரி இருந்தது. சொல்லி முடித்ததும் மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் வெளியே, தண்ணீர்ப் பைப்படியில் நின்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது அவள் சைக்கிளை உருட்டினாள், நான் பக்கத்தில் நடந்தேன். குளக்கட்டு வழியாக நடந்து மதகடியில் வந்து நான்தான் பேச்சைத் தொடங்கினேன்.

“ஏன் பிள்ளை ஓம் எண்டு சொன்னனீ?”

“வேற என்ன சொல்ல? அம்மாதான் பேய்க்காதல் வாசிக்கிறவ எண்டோ? பள்ளிக்கூடம் முழுக்கச் சிரிக்கும்.”

“உன்ர பேரை எடுத்துப்போடுவினம்.”

“தெரியும்.” கொஞ்சத் தூரம் போய்க் கேட்டாள். “நீங்கள் ஏன் அம்மா சொல்லேல்ல?”

அவள் பதிலுக்கு நிற்காமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

மனுசனிடம் சொன்னேன். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. “போய்ச் சொல்லு. தலையையே எடுக்கப் போகினம்?” என்றார். “தலையை எடுத்தாலும் பரவாயில்லை” என்றேன். “உன்ர புத்தகத்தில தலை போனவனும் எழும்பி வருவான்தானே” என்றுவிட்டு மாட்டைக் கட்டப் போனார்.

அடுத்தநாள் இடைவேளைக்கு மணி அடிக்கிற நேரம் பார்த்துப் போனேன். ரீச்சர் கந்தோரில் இல்லை, ஆசிரியர் அறையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தா. இன்னும் மூன்று ரீச்சர்மாரும் கணிதம் படிப்பிக்கிற இளம் சேர் ஒருவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். தனியாகச் சொல்லவேண்டும் என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனவள், வாசலில் நின்றபடியே எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டேன்.

“ரீச்சர், அந்தப் புத்தகமெல்லாம் வாசிச்சது மகள் இல்லை. நான்.”

ரீச்சர் பேனையை வைத்தா. என்னை உள்ளே வரச் சொல்லி இருத்தினா. பிறகு, காய்ச்சல்காரப் பிள்ளையோடு கதைக்கிற மாதிரிக் கதைத்தா.

“விளங்குது அம்மா. தாய்மார் பிள்ளையைக் காப்பாற்ற எதையும் சொல்லுவினம். ஆனா இப்பிடிச் செய்யக்கூடாது.”

அவ நம்பவில்லை. நான் பயந்த எதிலும் இது இல்லை. சிரிப்பார்கள், ஏசுவார்கள், வெளியே போகச் சொல்வார்கள் என்று எல்லாம் யோசித்திருந்தேன். ஏழாம் வகுப்பில் நின்றவள் நாற்பத்துமூன்று புத்தகம் வாசிப்பாள் என்று நம்பவே மாட்டார்கள் என்பதை யோசிக்கவில்லை.

“உண்மையாத்தான் ரீச்சர். நேற்று விளங்காது எண்டு சொன்னது பொய். எதையெண்டாலும் கேளுங்கோ.”

ரீச்சர் தயங்கினா. இளம் சேர் பட்டியலை எட்டி எடுத்தார். “சரி, இந்த ‘நிழலுக்கு வாக்குப்பட்டவள்.’ என்ன கதை, சொல்லுங்கோ பாப்பம்.”

சொன்னேன். முதலில் குரல் நடுங்கியது. நிழல் இல்லாத பெடியன், அவன் யாரை விரும்பினாலும் அவளுடைய நிழல் தேயத் தொடங்கும், முழுதாய்த் தேய்ந்தால் அவள் செத்துப்போவாள். அவன் அதை அவளுக்குச் சொல்வதில்லை. அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது, நடுக்கம் நின்றுவிட்டது.

“சொல்லாமலே பக்கத்தில வந்து இருக்கிறான் ரீச்சர். அவள் மெலிஞ்சுகொண்டு போறாள், இவன் கவிதை சொல்லுறான். அதைக் காதல் எண்டு எழுதியிருக்கினம். இன்னுமொண்டு. அவன் முந்நூறு வருசமாய் அந்தப் பள்ளிக்கூடத்தில, அதே வகுப்பில படிக்கிறான். எனக்கு அதுதான் தாங்கேலாமல் போனது. முந்நூறு வருசம் படிக்க விட்டிருக்கினம், அவன் யன்னலுக்கு வெளியில பார்த்துக்கொண்டு இருக்கிறான். ஒரு சோதினை எழுதேல்ல. ஒரு தொழில் பழகேல்ல. என்னை ஏழாம் வகுப்புக்கு மேல ஒரு வருசம் விட்டிருந்தால்…”

அதோடு நிறுத்திவிட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மூலையில் இருந்த வயதான ரீச்சர் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டா: “பேந்து? அவளின்ர நிழல் முழுக்கத் தேஞ்சு போச்சோ?”

“இல்லை ரீச்சர், பாதி நிழலை அவனுக்குக் குடுத்தவள். ரெண்டுபேரும் அரை நிழலோட இருக்கினம். எனக்கு அந்த முடிவு பிடிக்கேல்ல.”

“எனக்கும் பிடிக்கேல்ல” என்றா அவ.

மணி அடித்தது. மற்றவர்கள் வகுப்புக்கு எழும்பினார்கள். இளம் சேர் பட்டியலைத் திருப்பி வைக்கும்போது, “மற்ற நாற்பத்திரண்டையும் கேட்க ஒரு கிழமை லீவு போடவேணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அறையில் நானும் பொறுப்பு ரீச்சரும்தான்.

“நம்புறன் அம்மா” என்றா. நான் மூச்சு விடமுதல் அடுத்ததைச் சொன்னா. “ஆனா அப்பிடியெண்டால் உங்கட மகள் நேற்று என்ர முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவ. புத்தகத்தை விட இது எனக்குப் பெரிய விசயம்.”

இதை நான் எந்தப் பக்கத்தாலும் யோசித்திருக்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற வந்து, இருந்ததை விடப் பெரிய குழிக்குள் தள்ளிவிட்டேன். கதிரையை விட்டு எழும்பினேன்.

“ரீச்சர், நீங்கள் அவளிட்டக் கேட்கேக்க நான் பக்கத்தில இருந்தனான். அவள் ஒரு சொல்லுத்தான் சொன்னவள், அதுவும் என்னைப் பார்த்து ஆரும் சிரிக்கக்கூடாதெண்டு. நான் அதுக்குப் பிறகு என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னனான். தண்டனை குடுக்கிறதெண்டால் அதை நினைச்சுக் குடுங்கோ.”

“அதிபரோட கதைக்கிறன்” என்றா.

அன்று வியாழன். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் நான் என்ன சமைத்தேன், என்ன சாப்பிட்டோம் என்று எனக்கு நினைவில்லை. சனிக்கிழமை மகள் வாசிகசாலைக்குப் போகவில்லை, நானும் கேட்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போய்ச் சொன்னது அவளுக்கு வெள்ளிக்கிழமையே தெரிந்துவிட்டது. ரீச்சர் கூப்பிட்டு நிறைய நேரம் கதைத்தாவாம். என்ன கதைத்தது என்று கேட்டால், “கதைச்சவ” என்பாள். கணக்குக் கொப்பியை விட்டுத் தலை நிமிரமாட்டாள்.

திங்கள் பின்னேரம் வழமையான நேரத்துக்கு வந்தாள். வெள்ளைச் சட்டையில் இடப்பக்கம் சின்ன உலோகச் சின்னம் ஒன்று குத்தியிருந்தது. சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்து தண்ணீர் குடித்தாள்.

“தந்திட்டினமோ?” என்று கேட்டேன். கண் முன்னால் இருக்கிறதைக் கேட்டேன்.

“ஓம். துணைத் தலைவி. தலைவி மற்றப் பிள்ளை. பொய் சொன்னதுக்கு அவ்வளவு குறைச்சிருக்கினமாம். வாசிப்புப் பரிசும் இல்லை. அது எனக்கு வேண்டாம், நான் வாசிக்கேல்லத்தானே.”

முதலாவதாக இருந்த பெயர் இரண்டாவதாகிவிட்டது. என்னால்தான். அவளுக்குச் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்தேன். அவள் கோப்பையை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள்.

“அம்மா, ரீச்சர்மார் எல்லாரும் உங்களைப் பற்றித்தான் கதைக்கினம். அந்த வயதான ரீச்சர் வராந்தாவில மறிச்சு, ‘உன்ர அம்மா வடிவாய்க் கதை சொல்லுறா’ எண்டவ.” அதைச் சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. “ஆனா இனி என்னைப் பொய் சொல்ல வைக்காதேங்கோ.”

“ஓம்” என்றேன்.

“எனக்கு அதுதான் கஷ்டமாய் இருந்தது. மற்றதொண்டும் இல்லை.”

சின்னத்தைக் கழற்றி, ஊசியை மூடி, மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிட இருந்தாள். நான் சோறு போட்டேன். மீன்குழம்பை விடும்போது கொஞ்சம் கோப்பைக்கு வெளியே சிந்தியது. அவள் பார்த்தாள். துணியை எடுத்து அவளே துடைத்தாள்.